இறங்காத முந்நூறு வோல்ட்

டமார்!

அந்தச் சத்தம் கேட்டபோது மணி மாலை ஆறு நாற்பத்தொன்பது. போன செப்டம்பர், ஒரு சனிக்கிழமை. தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும் வாசனை. பேய் வருகிற நேரமே இல்லை அது.

ஆனால் வந்தது. என் முதுகுக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில் நின்றது. மூன்று முறை பேசியது. மூன்று முறையும் நான் பதில் சொன்னேன்.

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். நுனி உருகிப்போன ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. காட்டுகிறேன். அதைக் கையில் எடுத்த ஆள் யார் என்று உங்களால் சொல்ல முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

என் பெயர் பிரியங்கா. வீடு மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில். வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு யூ.பி.எஸ். பராமரிக்கும் வேலை. சனி, ஞாயிறுகளில் பழைய வால்வு ரேடியோக்களைச் சரி செய்வேன். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. என் கணவர் அரசு, ஓ.எம்.ஆர். ரோட்டில் கேப் ஓட்டுகிறார்.

அந்த ரேடியோவைக் கொண்டுவந்தவர் கருங்குழிக்காரர். பெயர் பக்தவச்சலம். எழுபதை நெருங்கும் வயது. வியாழக்கிழமை மாலை ஆட்டோவில் வந்து இறங்கினார். ரேடியோவைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"இன்னாம்மா, ரேடியோ ரிப்பேரு நீயா பாக்கற? ஆம்பள யாராவது இருப்பாங்கன்னு நெனச்சேன்."

"இருக்காரு. அவருக்கு பல்பு மாட்டவே நான் போவணும்."

அவர் சிரிக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

"மூணு பேரு ரிப்பேருக்கு வாங்கினு போனாங்கம்மா. மூணு பேரும் ஒரே வாரத்துல திருப்பிக் குடுத்துட்டாங்க. இன்னா ஆச்சுன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்கல."

"நான் பாக்கறேன் பெரியவரே. அவசரமா?"

"வர்ற வியாழக்கெழம எனக்கு நெஞ்சுல ஆப்ரேசன். பொழச்சு வந்தாலும் வரலாம், வராமலும் போவலாம். அதுக்குள்ள இது பாடணும். பாட்டு கேக்கறதுக்கு இல்ல. பாடிச்சுன்னு தெரிஞ்சா போதும்."

நான் சரி என்றேன். மனிதர் நெஞ்சைக் காட்டிக் கேட்கும்போது வேறென்ன சொல்வது? கண்டிப்பாக முடித்துத் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

"என்ன பிராப்ளம்னு தெரியுமா?"

"எனக்கு ரேடியோ பத்தி ஒண்ணும் தெரியாதும்மா."

ஆட்டோவில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார்.

"அந்த டப்பா கன்டென்சருக்கு ரெண்டு காலு. ரெண்டையும் தனித்தனியா பாத்துக்க."

ஆட்டோ போய்விட்டது. ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாதவர் பேசுகிற பேச்சா இது? எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ரேடியோவைப் பிரித்தேன்.

உள்ளே ஒட்டடை. கரப்பான் முட்டை. கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கத் தூசி, துணியால் போர்த்தியதுபோல. அப்படியென்றால் அந்த மூன்று பேரும் இதைக் கவிழ்க்கக்கூட இல்லை!

தூசியைத் துடைத்தேன். பென்சிலில் ஒரு தேதி தெரிந்தது. 11-8-79. பழைய மெக்கானிக்குகள் வேலை தொடங்கும்போது இப்படித் தேதி எழுதுவார்கள். முடித்த பிறகு பக்கத்தில் பெயர் எழுதுவார்கள். இதில் தேதி மட்டும்தான். பெயர் இல்லை.

காரணமும் உடனே தெரிந்தது. கரண்ட்டைச் சேர்த்துவைக்கும் பெரிய கெப்பாசிட்டர், ஒரு அலுமினிய டப்பா; பெரியவர் சொன்ன டப்பா கன்டென்சர். அதற்கு இரண்டு கால்கள். ஒரு காலில் ஈயம் வைத்து அழகாகப் பற்றவைத்திருந்தது. குண்டாக, உருண்டையாக, மிளகு போல. இன்னொரு காலில் கம்பியைச் சுற்றி மட்டும் விட்டிருந்தது. ஈயம் இல்லை.

யாரோ பாதி வேலையில் எழுந்து போயிருக்கிறார். நாற்பத்தைந்து வருடமாகத் திரும்பி வரவில்லை.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டப்பாவைக் கழற்றினேன். புதிய கெப்பாசிட்டரை அதே இடத்தில் பொருத்தினேன். இரண்டு கால்களையும் இணைக்கும் ரெசிஸ்டரையும் மாற்றினேன். முதல் காலில் ஈயம் வைத்தேன். இரண்டாவது காலில் ரெசிஸ்டர் கம்பியைச் சுற்றி மட்டும் வைத்தேன். வோல்டேஜ் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பற்றவைக்கலாம் என்று எண்ணம்.

என்னை அறியாமலே நானும் அதே கட்டத்தில் வந்து நின்றிருந்தேன். ஒரு காலில் ஈயம். ஒரு காலில் வெறும் கம்பி.

மணி ஆறு இருபது. கடல் காற்று பலமாக வீசியது. வாசல் கதவு அடித்துக்கொண்டது. எழுந்து போய் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன்.

ஆறு முப்பதுக்கு பிளக்கைச் சொருகினேன். முந்நூற்றுப் பத்து வோல்ட். சரியாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். முதல் காலைப் பற்றவைத்துவிட்டு ஐந்து மணிக்கே அணைத்த சால்ட்ரிங் அயர்னுக்கு இன்னும் மறுபடி ஸ்விட்ச் போடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டருக்குள் கரண்ட் நிற்கும். முந்நூறு வோல்ட். அசையாமல், சத்தமில்லாமல் காத்திருக்கும். தொடுவதற்கு முன் அதை இறக்க வேண்டும், அதாவது வெளியேற்ற வேண்டும். ஒரு பல்பின் இரண்டு கம்பிகளைக் காலிலும், எல்லாம் பொருத்தியிருக்கும் இரும்புத் தகட்டிலும் வைத்தால் பல்பு ஒருமுறை மின்னி அணையும். கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

இரண்டு வருடத்துக்கு முன் இதை மறந்து தொட்டு, பீரோ வரை தூக்கி எறியப்பட்டேன். அன்றிலிருந்து அரசு எப்போது வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, "ஏய் மேடம், டிஸ்சார்ஜ் பண்ணியா?" என்பதுதான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்.

நான் பல்பை எடுத்தேன். முதல் காலில் வைத்தேன். பளிச். அணைந்தது.

இரண்டாவது காலில் வைக்கவில்லை. நடுவில்தான் ரெசிஸ்டர் இருக்கிறதே, ஒன்றை வடித்தால் மற்றதும் அதன் வழியாகத் தானே வடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம் இது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

ஈயம் பற்றவைக்கும் புகை. ஈயத்தோடு நான் சேர்க்கும் புது ப்ளக்ஸ் பசைக்கு வாசனையே கிடையாது. இது பழசு. குங்கிலியம் கருகுவதுபோல நெஞ்சை அடைத்தது.

சால்ட்ரிங் அயர்னைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

டங்... டங்...

தகர டப்பாவின் விளிம்பில் அயர்னைத் தட்டி ஈயத்தை உதறும் சத்தம். என் மேஜையில் தகர டப்பாவே இல்லை.

பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி ஆறு முப்பத்தெட்டு.

"எறக்கிட்டியா?"

பின்னால் வாசற்படியிலிருந்து ஓர் ஆண் குரல். அரசு வந்துவிட்டார். நான் திரும்பவில்லை. கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பதில் சொன்னேன்.

"ஆங், எறக்கிட்டேன்."

பதில் இல்லை. குளிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

டங்... டங்...

ஆறு நாற்பத்து நான்கு.

"எறக்கிட்டியா?"

இம்முறை குரல் அறைக்குள் இருந்தது.

"எறக்கிட்டேன்ப்பா. எத்தினி வாட்டி சொல்றது?"

வாசனை அதிகமானது. கழுத்துக்குப் பின்னால் லேசாகச் சூடு. யாரோ குனிந்து வேலையைப் பார்ப்பதுபோல.

அயர்ன் ஸ்விட்சைப் போட்டேன். இடது கையைத் தகட்டில் ஊன்றினேன். தப்பு. ஒரு கை எப்போதும் மடியில் இருக்க வேண்டும். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். தெரியும். ஆனாலும் ஊன்றினேன்.

வலது கையை இரண்டாவது காலை நோக்கி நீட்டினேன். சுற்றியிருந்த கம்பியை விரலால் அழுத்த.

ஒரு அங்குலம்.

"எறக்கிட்டியா...?"

காதுக்குள்.

"எறக்கிட்டேன்னு சொல்றேன்ல!"

கோபத்தில் கையை இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

டமார்!

நீல வெளிச்சம் சுவரில் அடித்தது.

கருகிய நாற்றம்.

பின்னால்... யாரும் இல்லை.

மெல்ல மேஜைப் பக்கம் திரும்பினேன்.

என் பெரிய ஸ்க்ரூடிரைவர் இரண்டாவது காலுக்கும் தகட்டுக்கும் குறுக்கே கிடந்தது. நுனி உருகிப் புகைந்தது.

அதை நான் ஜன்னல் மேடையில் வைத்திருந்தேன். ஆறடி தூரத்தில்.

சுற்றிவைத்த ரெசிஸ்டர் கம்பி காலைவிட்டு விலகி நின்றது. மயிரிழை இடைவெளி; பிளக்கைப் பிடுங்கிய பிறகு எப்போதோ நழுவியிருக்கிறது. முதல் கால் வடிந்திருக்கிறது. இரண்டாவது கால் வடியவே இல்லை. முந்நூறு வோல்ட்டும் அங்கேயே காத்திருந்திருக்கிறது.

என் விரலுக்காக.

போன் அடித்தது. அலறிவிட்டேன்.

ஆறு ஐம்பத்தொன்று. அரசு.

"ஏய் மேடம், கேளம்பாக்கத்துல மாட்டிக்கினு கீறேன். செம டிராபிக்கு. வர எட்டு மணி ஆவும். நீ சாப்ட்ரு."

"நீ... வூட்டுக்கு வரலியா?"

"இன்னாடி கேள்வி இது? டிஸ்சார்ஜ் பண்ணியா?"

டிஸ்சார்ஜ்.

அரசு எப்போதும் அந்த வார்த்தையைத்தான் சொல்வார். எறக்கிட்டியா என்று என்னிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

வாசலுக்கு ஓடினேன். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

நான் போட்டது.

திறந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குள் விழுந்தேன். மீன் விற்கும் பூவாயி அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

"இன்னாடி ஆச்சு? மூஞ்செல்லாம் வெளுத்துக் கீது. புருசங்கூட சண்டையா?"

"அரசு வரலக்கா. கேளம்பாக்கத்துல கீறாரு."

"போடி! அப்பவே புடிச்சு ஆம்பள கொரல் செவுத்துக்கு இந்தாண்ட கேக்குது. நீகூட கத்துனியே, எத்தினி வாட்டி சொல்றதுன்னு?"

அரசு வரும்வரை அக்கா வீட்டை விட்டு நான் நகரவில்லை.

எட்டு இருபதுக்கு அரசு வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன். அயர்ன் ஸ்விட்சை அணைத்தோம். ரேடியோவைத் தொடவில்லை. அந்த அறையைப் பூட்டி, சாவியை அரசு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரவெல்லாம் விளக்கு எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

திருப்பிக் கொடுத்துவிடலாமா? அந்த மூன்று பேர் போல? யோசித்தேன். பெரியவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. வாக்கு கொடுத்திருக்கிறேன். அது மட்டும் இல்லை. பின்னால் நின்றது எதுவோ, என்னைக் கொல்ல வரவில்லை. கையை எடுக்க வைத்தது.

ஞாயிறு காலை ஏழு மணி. அரசு பூட்டைத் திறந்தார். நல்ல வெயில். பல்பை எடுத்து இரண்டு கால்களிலும் தனித்தனியாக வைத்தேன். காலி அறையில் வாய்விட்டுச் சொன்னேன்.

"எறக்கிட்டேன். ரெண்டையும் எறக்கிட்டேன்."

அரசு சிரிக்கவில்லை.

கம்பியைச் சுற்றக் குனிந்தேன்.

அங்கே சுற்ற எதுவும் இல்லை. இரண்டாவது காலில் ஈயம் வைத்திருந்தது.

குண்டாக. உருண்டையாக. மிளகு போல.

என் ஈயம் மெல்லிய கம்பி; ஆறினால் பளபளக்கும். இது மங்கல். பழசு. அரசுவைப் பார்த்தேன்.

"சத்தியமா நான் இல்லடி. எனக்கு ஊதுபத்தி கொளுத்தவே கை நடுங்கும்."

கழற்றி வைத்திருந்த மற்ற வால்வுகளைப் பொருத்தினேன். பிளக்கைச் சொருகினேன். அரை நிமிடம் மௌனம். பிறகு உர்ர்ர் என்று ஒரு முனகல். கரகரப்புக்கு நடுவே யாரோ நெற்பயிரில் வரும் பூச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பாடிவிட்டது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அரசுவின் காரிலேயே கருங்குழிக்குப் போனோம். அரசு காரிலேயே இருந்துகொண்டார். பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். மருமகள் ஜோதிலட்சுமி ரேடியோவை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"மாமாக்கு ரேடியோ பத்தி அ, ஆ கூடத் தெரியாதுங்க. எதுக்கு இந்தப் பொட்டிய இத்தினி வருசமா கட்டி அழுவுறாருன்னு எங்களுக்கே புரியல."

போட்டுக் காட்டினேன். பாட்டு வந்தது. அவர் கேட்கவே இல்லை.

"நிறுத்து. கவுத்துக் காட்டு."

பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு கால்களிலும் பல்பை வைத்து எடுத்தேன். ரேடியோவைக் கவிழ்த்தேன். அவர் கட்டை விரல் முதல் காலைத் தடவியது.

"இது நீ வெச்ச ஈயம்."

விரல் நகர்ந்தது. இரண்டாவது காலில் நின்றது. எடுக்கவில்லை.

"இது நீ வெச்சது இல்ல."

"ரேடியோ பத்தி ஒண்ணும் தெரியாதுன்னீங்களே?"

"ஜோதி, காபி போட்டுக் கொண்டாம்மா" என்றார். மருமகள் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"செங்கல்பட்டு பஜார்ல ஒரு ரேடியோ கட. நானும் தர்மராஜுன்னு ஒருத்தனும் வேல பாத்தோம். ஈயம் வெக்கறது அவன். அவன் வெச்சா மொளகு மாதிரி நிக்கும். கரண்ட்டு எறக்கறது என் வேல."

மின்விசிறி கிறீச்சிட்டது.

"எழுவத்தொம்போது, ஆகஸ்ட்டு பதினொண்ணு. சனிக்கெழம. ஆறே முக்கால் தாண்டியிருக்கும். இதே பொட்டிக்கு ஒரு கால்ல ஈயம் வெச்சான். ரெண்டாவது கால்ல கம்பி சுத்தினான். அவ்ளோதான். அப்டியே சாஞ்சான். அவனுக்குக் கல்யாணம் ஆயி நாலு மாசம்."

"நீங்க?"

"டீ வாங்கப் போயிருந்தேன்னு போலீசுல சொன்னேன். அவன் பொண்டாட்டிகிட்டயும் அதான் சொன்னேன். இன்னி வரைக்கும் அல்லார்கிட்டயும் அதான்."

பிறகு அவர் என்னைக் கேட்டார்.

"உன்ன யாராவது ஏதாவது கேட்டாங்களாம்மா?"

"ம்."

"எறக்கிட்டியான்னா?"

அந்த வார்த்தையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

"எத்தினி வாட்டி?"

"மூணு."

"நீ இன்னா சொன்ன?"

"எறக்கிட்டேன்னு சொன்னேன்."

அவர் விரல் இன்னும் அந்த ஈயத்தின் மேலேயே இருந்தது. என்னைப் பார்க்காமல், என் தோளுக்குப் பின்னால் வாசற்படியைப் பார்த்தபடி சொன்னார்.

"அவன் கேட்ட மூணு வாட்டியும் நானும் அதாம்மா சொன்னேன்... எறக்காமலே."